தெரியாது என்பதற்கு ஒரு பொத்தான்

அந்த நரம்பிழை மடிப்புக்கு அடியில் தொடர்ந்து போனதா, இல்லை அங்கேயே முடிந்துவிட்டதா? நான்கு மாதங்கள் ஆகின்றன. எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாது என்று சொன்னதற்காகத்தான் என்னை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பினார்கள். அதனால் இதையும் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

என் வேலை என்ன என்று முதலில் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் அது பிடிபடவில்லை. மூளைப் படம் பார்க்கிற வேலை என்று சொன்னபோது, பிரியாணிக் கடையில் மாஸ்டராக இருக்கும் கீழ் வீட்டுக்காரர், "வறுவலா, குருமாவாம்மா?" என்று கேட்டார். அவர் மனைவி சிரித்து முடிக்கும்வரை நான் படியிலேயே நின்றேன்.

வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே எலியின் மூளையிலிருந்து கடுகைவிடச் சிறிய துண்டு ஒன்றை எடுத்து, அதைக் கண்ணுக்கே தெரியாத மெல்லிய சீவல்களாகச் சீவுகிறார்கள். ஒவ்வொரு சீவலையும் மின்னணு நுண்ணோக்கியில் படம் எடுத்து, அந்தப் படங்களை ஒன்றின்மேல் ஒன்றாகக் கணினியில் அடுக்குகிறார்கள். இந்தப் படத்தில் இருக்கும் இழை அடுத்த படத்தில் எது, அதற்கடுத்த படத்தில் எது என்று கணினி தொடர்ந்து பார்த்து, ஒவ்வொரு நரம்பணுவுக்கும் ஒரு நிறம் பூசுகிறது. எல்லாம் முடிந்தால் அந்தக் கடுகுக்குள் இருந்த மூளை முழு உருவமாக எழுந்து நிற்கும். எது எதோடு பேசுகிறது என்று தெரியும்.

ஆனால் கணினி தப்பு செய்யும். ஒரே இழையை இரண்டாக வெட்டிவிடும், அல்லது இரண்டு இழைகளை ஒன்றாக ஒட்டிவிடும். எங்கெல்லாம் அதற்குச் சந்தேகமோ அங்கெல்லாம் ஒரு மஞ்சள் புள்ளி வைத்து எங்களைக் கேட்கும். காட்பாடியில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருபது பெண்கள் உட்கார்ந்து அந்தப் புள்ளிகளுக்குப் பதில் சொல்கிறோம். ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். பொத்தான்கள் இரண்டுதான். ஒன்று, 'தொடர்கிறது'. மற்றொன்று, 'முடிகிறது'.

இருபது பேரில் பாதிப் பேர் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். நானும் அப்படித்தான். பி.எஸ்சி. விலங்கியல் முடித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கம் என்று கம்பெனியில் செலக்‌ஷன் டேபிளில் சேர்ந்தேன். பெரிய ஜன்னல் வெளிச்சத்தில் தோலை விரித்து, உண்ணி கடித்த தடம், முள்கம்பி கீறிய தடம், கழுத்துச் சுருக்கம் எல்லாவற்றையும் தேடிச் சாக்குக்கட்டியால் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்ட இடத்தைத் தவிர்த்துவிட்டு கட்டிங்கில் வெட்டுவார்கள். என் கணவர் அந்த கட்டிங்கில்தான் இருக்கிறார், இன்றும். நான் போட்ட வட்டங்களைப் பார்த்துத்தான் என்னைக் கல்யாணம் செய்துகொண்டதாகச் சொல்வார். மற்றவர்கள் நான்கு வட்டம் போடும் தோலில் நான் ஏழு போடுவேனாம். வெட்டுவதற்கு இடமே விடாத பொம்பளை யார் என்று பார்க்க வந்தாராம்.

அது உண்மைதான். எனக்குச் சந்தேகம் ஜாஸ்தி. மகள் பிறந்த பிறகு இன்னும் ஜாஸ்தி. அவளுடைய தண்ணீர் பாட்டில் மூடியை மூன்று முறை திருகிப் பார்ப்பேன். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படி இறங்கி, மறுபடி ஏறிப் போய் இழுப்பேன். காட்பாடிக்குப் போகும் ரயில் மேல்பட்டியைத் தாண்டும்போது காஸை மூடினேனா என்று நினைப்பு வரும். ஒருநாள் என் கணவர் வாசலில் நின்று, "பூட்டியாச்சு. நான் பாத்தேன். பூட்டும் உன்ன பாத்துச்சு. வா போலாம்," என்றார். அவர் கேலி செய்வாரே தவிர, திட்டியதில்லை. மற்றவர்கள் அப்படி இல்லை. டாக்டரிடம் காட்டச் சொன்னவர்கள் உண்டு. என்னோடு சேர்ந்து பிள்ளையும் அப்படியே ஆகிவிடும் என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு.

அந்த மாடியில்தான் முதல்முறையாக என் சந்தேகத்தை யாரும் நோய் என்று சொல்லவில்லை. ஒரு புள்ளியை மேலே பத்துப் படம், கீழே பத்துப் படம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவேன். எங்கள் லீடர் என் வயதுப் பெண், வேலூர்க்காரர். நாங்கள் மேடம் என்போம். என் பின்னால் வந்து நின்று பார்த்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். அன்று ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. குடியாத்தம்வரை நின்றுகொண்டே வந்தேன். காஸைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

எங்கள் மாடியில் வேலைக்கு எங்கள் பெயர்களையே வைத்துக்கொண்டோம். கணினி தப்பாக வெட்டியதை 'கட்டிங்' என்போம், தப்பாக ஒட்டியதை 'பேஸ்டிங்'. இரண்டுமே ஷூ கம்பெனியில் நாங்கள் பார்த்துப் பழகிய டிபார்ட்மெண்டுகள். பெயரோடு சேர்த்து அங்கிருந்து வேறொன்றையும் கொண்டுவந்துவிட்டோம் என்பது அப்போது எங்களுக்குத் தெரியவில்லை.

சீவும்போது சில சீவல்கள் மடிந்துவிடும். புடவைத் துணி மடிவது போலத்தான். படத்தில் அது கறுப்புப் பட்டையாகத் தெரியும். அந்தப் பட்டைக்குள் இழைகள் போய் மறையும். செலக்‌ஷன் டேபிளிலிருந்து வந்த எங்கள் கைக்கு ஒன்றே ஒன்றுதான் தெரியும். தடம் இருந்தால் அதற்கு முன்னாலேயே நிறுத்து. தழும்புக்குள் போகாதே. அதனால் மடிப்பு வந்த இடத்திலெல்லாம் 'முடிகிறது' என்று அழுத்தினோம். யாரும் சொல்லித்தரவில்லை. ஷூ கம்பெனியிலிருந்து வந்த அத்தனை பேரும் ஒரே மாதிரி அழுத்தினோம். சரிபார்ப்பவர்களும் எங்களிலிருந்தே எடுத்தவர்கள் என்பதால் அவர்களுக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. ஆறு மாதம் அப்படியே போனது.

எனக்கு அது தெரியவந்தது ஒரு காலை நேரத்தில், இஸ்திரிப் பெட்டியின் முன்னால். மகள் யு.கே.ஜி. அவளுடைய பள்ளிப் பாவாடை சாய்வாகப் பச்சைக் கட்டம் போட்டது, சுற்றிலும் மடிப்பு வைத்துத் தைத்தது. ஒவ்வொரு மடிப்பாக நீவித் தேய்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பச்சைக் கோடு மடிப்பு விளிம்புவரை வந்தது. விளிம்புக்கு அந்தப் பக்கம் அதற்கு நேராகவே ஒரு பச்சைக் கோடு போனது. பார்த்தால் ஒரே கோடு. ஏனோ விரலை அந்தக் கோட்டின்மேல் வைத்து, மடிப்பைப் பிரித்து, உள்ளே தொடர்ந்து போனேன். என் கோடு உள்ளே போய் வளைந்து, மூன்று கட்டம் தள்ளி வெளியே வந்தது. நேராக இருந்தது வேறொரு கோடு.

மடிப்பில் எதுவும் முடிவதில்லை. அது உள்ளே போய்த் தள்ளி வெளியே வருகிறது. இத்தனை வருடமாகப் புடவை கட்டிக்கொண்டு, தினமும் பாவாடை தேய்த்துக்கொண்டு, இதை எப்படி யோசிக்காமல் இருந்தேன்? பாவாடையில் கருகல் வாசம் வந்தது. மகள், "அம்மா, என் டிரெஸ்ஸு," என்றாள். நல்ல வேளை, லேசான பழுப்போடு தப்பித்தது. அன்று அவள் அந்தப் பழுப்பை மறைக்க ஸ்கூல் பையை இடுப்போடு அணைத்துக்கொண்டே போனாள்.

ஆபீசில் நான் முதலில் முடித்த பகுதிகளைத் திறந்தேன். மடிப்பு தொடங்குவதற்கு முந்தைய படம், மடிப்பு நின்ற பிறகு வரும் படம் இரண்டையும் வைத்துக்கொண்டு, எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்தேன். ஒரு நீல இழையை நான் மடிப்பில் வெட்டி வைத்திருந்தேன். சற்றுத் தள்ளி, எங்கிருந்தோ வந்ததுபோல் ஓர் ஆரஞ்சுத் துண்டு அநாதையாகக் கிடந்தது. இரண்டையும் திரையில் மட்டும் சேர்த்துப் பார்த்தேன். ஆரஞ்சு முழுவதும் ஒரே நொடியில் நீலமாகி, திரையின் மூலைவரை கிளை கிளையாக ஓடியது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே, அப்படி நான் வெட்டியவை எத்தனை என்று ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். மதியத்துக்குள் இரண்டு பக்கம் நிறைந்தது.

பக்கத்து நாற்காலியில் இருக்கும் அக்காவிடம்தான் முதலில் காட்டினேன். செலக்‌ஷன் டேபிளிலும் எனக்குப் பக்கத்தில் நின்றவர் அவர்தான். இந்த வேலைக்கு என்னை அழைத்து வந்தவரும் அவரே. நோட்டைப் பார்த்தார். தன் திரையில் ஒரு மடிப்பைத் திறந்து பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. பிறகு நோட்டை மூடி என் பைக்குள் வைத்தார்.

"குடுத்தது குடுத்தாச்சி. அடுத்த மாசம் காண்ட்ராக்ட் புதுசு பண்றாங்க. இப்ப போயி தப்பு தப்புன்னு நின்னா இருபது பேருக்கும் வேல போவும், நாம மறுபடி டேபிளுக்குப் போவணும். ஒரு எலிக்காக இன்னாத்துக்கு இந்த பேஜாரு?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஷூ கம்பெனிக்குள் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அறை உண்டு, கேன்டீன் உண்டு. ஆனால் எட்டு மணி நேரம் நின்ற காலோடு திரும்ப வேண்டும். இங்கே உட்கார்ந்து பார்க்கும் வேலை. அக்காவுக்கு முழங்கால் தேய்மானம். அவர் அந்த நாற்காலிக்காகப் பயந்தார். நானும்தான் பயந்தேன். இரண்டு நாள் நோட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு போய் வந்தேன். மேல்பட்டி தாண்டும்போது காஸை நினைத்ததோடு, பையைத் திறந்து நோட்டையும் தொட்டுப் பார்த்தேன்.

என் கணவரிடம் கேட்டேன். அவர் கட்டிங்காரர். "மார்க் இருந்தா தள்ளித்தான் வெட்டணும். அதான தொழிலு," என்றார். பாவாடையை எடுத்து வந்து அவர் விரலைப் பிடித்துக் கோட்டின்மேல் வைத்து, மடிப்பைப் பிரித்துக் காட்டினேன். அவர் மூன்று மடிப்புகளில் தொடர்ந்து போய்ப் பார்த்தார். "அப்ப நாங்க தோல வெட்ற மாதிரி நீங்க மூளைய வெட்டிட்டீங்க," என்றார். சிரிக்கவில்லை.

மறுநாள் மேடத்திடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். கொடுத்து முடித்ததைத் திருத்த அவருக்கு அனுமதி இல்லை என்றார். கையில் இருக்கும் பகுதியில் மட்டும், நேரம் தவறாமல், மடிப்புகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். பார்த்தேன். சாப்பாட்டு நேரத்திலும் பார்த்தேன். ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. கடைசியில் ஒரே ஓர் இடம் மிஞ்சியது.

அங்கே மடிப்பு அகலம். அதோடு நான்கு படங்கள் கிழிந்திருந்தன. ஓர் இழை உள்ளே போகிறது. அந்தப் பக்கம் இரண்டு இழைகள் வெளியே வருகின்றன. தள்ளியிருக்கும் கணக்கைப் பார்த்தால் இரண்டில் எதுவும் இதுவாக இருக்கலாம். இரண்டுமே இல்லாமலும் இருக்கலாம். மூன்று நாள் பார்த்தேன். சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அந்த ஆசையைத்தான் நான் நம்பவில்லை.

பகுதியை முடிக்க அந்த ஒரு புள்ளிதான் பாக்கி. அதற்குப் பதில் அழுத்தி, கீழே 'முழுமையாகச் சரிபார்த்தேன்' என்ற கட்டத்தில் என் ஊழியர் எண்ணோடு ஒரு டிக் போட வேண்டும். மேடம் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"டவுட்டுன்னா முடியுதுன்னு போடுப்பா. தப்பா ஒட்டினா ரெண்டு செல்லு கெட்டுப்போவும். தப்பா வெட்டினா ஒண்ணுதான். பின்னாடி யாராவது சேத்துப்பாங்க."

இது அவர் கண்டுபிடித்த சாக்கு இல்லை. அந்தத் துறையிலேயே அப்படித்தான் சொல்கிறார்கள். அவர் சொல்வது சரியென்று எனக்கும் பட்டது. ஆனாலும் கை போகவில்லை.

"பின்னாடி வர்றவங்களுக்கு எப்டி மேடம் தெரியும்? நான் கண்ணால பாத்து முடியுதுன்னு போட்டதும், தெரியாம முடியுதுன்னு போட்டதும் ஒரே மாதிரிதான இருக்கும்?"

"தெரியாதுன்னு ஒரு பட்டன் இல்லயேப்பா."

"இல்லதான மேடம். அதான் நான் எதையும் அழுத்தல."

இதைச் சொன்னது நான்தானா என்று இப்போதும் சந்தேகமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொல்லாமல் பேனாவைத் திறக்காதவள் நான். கல்யாணமான புதிதில் புளியைக் கரைப்பதற்குக்கூடக் கேட்டுவிட்டுக் கரைத்தவள். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் காது சுட்டது.

மேடம் எழுந்து போன பிறகு நான் செய்ததுதான் பெரிய விஷயம். அந்தப் பகுதிக்கு ஒரு குறிப்புப் பெட்டி உண்டு. எழுதினால் நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போகும். யாரும் அதில் எழுதியதில்லை. இந்த இடம் தெரியவில்லை என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பிறகு நோட்டைப் பையிலிருந்து எடுத்து, நான் முன்னால் முடித்துக் கொடுத்த பகுதிகளில் தப்பாக வெட்டிய மடிப்புகளின் எண்களை, என் எண்ணுக்குக் கீழே, ஒன்று விடாமல் எழுதினேன். அக்காவுடையதையோ மற்றவர்களுடையதையோ எழுதவில்லை. என்னுடையதை மட்டும். ஒரு மணி நேரம் ஆனது. ஒவ்வொரு எண்ணையும் மூன்று முறை சரிபார்த்தேன். டிக் போடாமல் அனுப்பினேன். அன்று அந்த மூன்று முறைக்காக நான் யாரிடமும் வெட்கப்படவில்லை.

பதில் பத்து நாளில் வந்தது. எனக்கு இல்லை, மேடத்துக்கு. பட்டியலுக்கு நன்றி சொல்லி, எல்லாருடைய மடிப்புகளையும் மறுபடி பார்க்கச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் ஆறு மாதம் முடித்ததை மறுபடி திறந்தோம், புது வேலையும் குறையாமல். அக்கா தன் டிபன் பாக்ஸை வேறு மேஜைக்கு எடுத்துப் போய்விட்டார். இரண்டு பேர் என் காதுபட, "தோலுக்கே ஏழு வட்டம் போட்டவ, மூளைய சும்மா உடுவாளா?" என்றார்கள். காண்ட்ராக்ட் நின்றுவிடவில்லை. ஆனால் புதுப்பித்ததை ஒரு வருடத்துக்குப் பதில் மூன்று மாதம் மூன்று மாதமாகக் கொடுக்கிறார்கள். அந்த மூன்று மாதம் என் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கிறது, எல்லார் மனதிலும். அக்காவின் முழங்காலைப் பார்க்கும்போது நான் செய்தது சரிதானா என்று நினைக்கிறேன். நீல இழை ஓடியதை நினைத்துப் பார்க்கும்போது சரி என்று நினைக்கிறேன். ஒரே ரயில் பயணத்தில் இரண்டையும் நினைக்கிறேன்.

தெரியாது என்பதற்குப் பொத்தான் மட்டும் வரவில்லை. சந்தேகம் என்றால் 'முடிகிறது' என்றே அழுத்த வேண்டும் என்று இப்போது தாளில் அச்சடித்தே கொடுத்துவிட்டார்கள். என் புள்ளிக்கு வேறு யாரோ பதில் அழுத்திவிட்டார்கள். என்ன அழுத்தினார்கள் என்று நான் திறந்து பார்க்கவில்லை.

என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி, புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். மேடம் இதை எனக்கு நல்லது என்று நினைத்துத்தான் செய்தார். புள்ளி என் கைக்கு வராமல் இருந்தால் தகராறு இல்லை என்றும் நினைத்திருப்பார். திங்கட்கிழமை ஒன்பது பெண்கள் வருகிறார்கள். ஒன்பது பேரும் ஷூ கம்பெனியிலிருந்து. தடம் பார்த்தால் நிறுத்துகிற கைகள்.

அவர்களுக்கு மடிப்பைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க மகளின் பழைய பாவாடையைத் துவைத்து எடுத்து வைத்திருக்கிறேன், பழுப்பு விழுந்த அதே பாவாடை. எதற்கு என்று அவள் கேட்டாள். ஆபீசில் என் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்க என்றேன். அவள் பாட்டில் மூடியை ஒரு முறை திருகினாள். என்னைப் பார்த்தாள். இன்னொரு முறை திருகினாள். நான் தடுக்கவில்லை.

கோட்டை விரலால் தொடர்ந்து போகச் சொல்லிக்கொடுப்பேன். அதில் எனக்குத் தயக்கமில்லை. அதற்குப் பிறகுதான் கஷ்டம். கிழிந்துபோன இடம் வரும்போது, தாளில் அச்சடித்தபடி அழுத்தச் சொல்வதா, குறிப்புப் பெட்டியில் தெரியாது என்று எழுதச் சொல்வதா? என் புள்ளி என்றால் நான் எழுதுவேன். என் வேலை போனால் செலக்‌ஷன் டேபிள் இருக்கிறது, என் கணவர் இருக்கிறார். ஆனால் அந்த ஒன்பது பேரும் மூன்று மாதத் தவணையில் வருகிறவர்கள். அவர்களில் ஒருத்தி கைக்குழந்தையைத் தன் அம்மாவிடம் விட்டுவிட்டு வருகிறாள் என்று கேள்விப்பட்டேன். என் பிடிவாதத்தை அவள் தலையில் ஏற்ற எனக்கு உரிமை உண்டா? ஏற்றாமல் விட்டால், அவள் தெரியாமல் வெட்டியதும் பார்த்து வெட்டியதும் ஒன்றாகிவிடாதா?

உங்களில் கையெழுத்துப் போடும் வேலையில் இருப்பவர்கள் இருப்பீர்கள். பரிசோதனைக் கூடத்தில், கட்டட வேலையில், பள்ளியில், எங்காவது 'சரிபார்த்தேன்' என்ற கட்டத்தின் முன்னால் கை நின்றவர்கள். புதிதாக வந்தவர்களிடம் முதல் நாள் நீங்கள் என்ன சொன்னீர்கள்? பயமுறுத்தாமலும் பொய் சொல்லாமலும் இதைச் சொல்ல ஒரு வழி இருந்தால் எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமைக்குள் வந்தால் நல்லது. வராவிட்டாலும் பாவாடையை எடுத்துக்கொண்டு போகத்தான் போகிறேன்.